ஒரு நிமிஷம் இருக்கா?

கூட வேலை பார்க்கும் ஒரு அக்கா ஒருநாள் காலை என் மேஜைப் பக்கம் வந்து நின்று, "ஒரு நிமிஷம் இருக்கா?" என்று கேட்டார். "சொல்லுங்க அக்கா" என்றேன். வாய்தான் சொன்னது. கண் திரையை விட்டு நகரவில்லை, இரண்டு கையும் கீபோர்டின் மேலேயே இருந்தன, அனுப்ப வேண்டிய மெயிலில் பாதி வாக்கியம் மிச்சம் இருந்தது. அவர் இரண்டு மூன்று நொடி நின்றார். பிறகு "ஒன்றுமில்லை, அப்புறம் வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவருடைய அம்மாவுக்கு எடுத்த பயாப்ஸி முடிவு அன்று காலையில்தான் வந்திருந்தது என்பது எனக்கு மதியத்துக்கு மேல், அதுவும் வேறொருவர் சொல்லித்தான் தெரிந்தது.

அன்று காலை ஜெபத்தில் "ஆண்டவரே, இன்றைக்கு என்னை யாருக்காவது பிரயோஜனமாக வையும்" என்று கேட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போயிருந்தேன். அவர் ஒரு ஆளை என் மேஜைக்கே அனுப்பி வைத்தார், நான் மெயில் அடித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் என் மனதே கல்லாகிவிட்டதோ என்று நொந்துகொண்டிருந்தேன். அப்படி நினைப்பது ஆவிக்குரியதாகத் தோன்றும், ஆனால் அதனால் ஒரு பயனும் இல்லை, ஏனென்றால் கல்மனதை மாற்றும்படி ஜெபித்துவிட்டு மறுநாளும் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருப்போம். என் சிக்கல் அவசரம்தான் என்று பிறகுதான் புரிந்தது. இதை ஒரு பழைய ஆய்வு அழகாகக் காட்டியிருக்கிறது. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்கள் 40 பேரை வைத்து டார்லி, பாட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்து 1973-இல் வெளியிட்டது. மாணவர்கள் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிறு உரை நிகழ்த்த வேண்டும். பாதிப் பேருக்குக் கொடுத்த தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு நின்று உதவிய ஒருவனைப் பற்றி இயேசு சொன்ன நல்ல சமாரியன் உவமை. போகிற வழியில் ஒரு வாசலோரம் ஒருவர் சரிந்து கிடந்து இருமிக்கொண்டும் முனகிக்கொண்டும் இருப்பார், அது ஏற்பாடு செய்யப்பட்ட நடிப்பு. நேரம் நிறைய இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் ஏதாவது ஒருவிதத்தில் உதவினார்கள். ஏற்கெனவே தாமதமாகிவிட்டது, சீக்கிரம் போ என்று அனுப்பப்பட்டவர்களில் உதவியது 10 சதவீதம்தான். கையில் சமாரியனைப் பற்றிய உரை இருந்ததா இல்லையா என்பது பெரிய வித்தியாசம் எதையும் உண்டாக்கவில்லை. எல்லாரும் ஊழியத்துக்கென்று படித்துக்கொண்டிருந்தவர்கள், கல்மனதுக்காரர்கள் இல்லை.

ஆகவே இடைஞ்சல் வரும்போது மனதுருக்கத்தோடு நடந்துகொள்ள வேண்டுமானால், வேலையை இடைஞ்சல் வருவதற்கு முன்பே தொடங்க வேண்டும்.

முதலில் நாளில் கொஞ்சம் இடம் விடுங்கள்

நாள் முழுவதையும் இடைவெளியே இல்லாமல் அடைத்துவிட்டு, வருகிறவர்களிடம் அன்பாக இருக்க வேண்டும் என்று தீர்மானம் எடுப்பது, நிரம்பிய குடத்தை ஏந்திக்கொண்டு சிந்தாமல் ஓடுவேன் என்று சொல்வது மாதிரி. நான் இப்போது செய்வது இதுதான்: ஒரு நாளைக்குப் பத்து வேலை செய்யலாம் என்று தோன்றினால் ஏழு மட்டும் எழுதுகிறேன். ஒரு கூட்டம் முடிந்து அடுத்தது தொடங்க நடுவில் பதினைந்து நிமிடம் விடுகிறேன். யாரும் வரவில்லை என்றால் அந்த நேரத்தில் எட்டாவது வேலை நடக்கும், நஷ்டம் ஒன்றுமில்லை. எங்காவது போக வேண்டுமென்றால் பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்புவதும் இதே கணக்குத்தான், வழியில் யாராவது நிறுத்தினால் அவருக்குக் கொடுக்க என்னிடம் பத்து நிமிடம் இருக்கும்.

காலை ஜெபத்தில் அன்றைய பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, யாக்கோபு நிருபத்தின் நாலாம் அதிகாரத்தில் வருகிற மாதிரி "ஆண்டவருக்குச் சித்தமானால்" என்று ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் சேர்த்து வாசித்துப் பாருங்கள். நம்மில் பலர் அதைக் கல்யாணப் பத்திரிகையில் போடும் சம்பிரதாயமாக வைத்திருக்கிறோம். பட்டியலில் மூன்றாவதாக இருக்கும் வேலைக்கு முன்னால் அதைச் சொல்லும்போது கொஞ்சம் சங்கடமாக இருக்கும், அந்த வேலை நடக்காமலும் போகலாம் என்று நாமே ஒத்துக்கொள்கிறோம் அல்லவா. அந்தச் சங்கடத்தைக் காலையிலேயே பட்டுவிட்டால், பதினொரு மணிக்குக் கதவு தட்டப்படும்போது முகம் அவ்வளவு கோணாது.

முதல் பத்து நொடி

எரிகோவை விட்டு இயேசு புறப்படுகிறார், பெரிய கூட்டம் கூடவே போகிறது, வழியோரம் உட்கார்ந்திருந்த பார்வையற்ற பர்திமேயு கத்துகிறான். அவனைச் சும்மா இருக்கச் சொல்லி அதட்டியவர்கள் பலர். இதைத் தன் சுவிசேஷத்தில் சொல்லும் மாற்கு அடுத்து எழுதுவது: "இயேசு நின்று, அவனை அழைத்துவரச் சொன்னார்." அந்த "நின்று" என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். அந்த இடத்தில் மாற்கு இயேசுவின் உணர்ச்சியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கால் நின்றது என்று சொல்கிறார்.

நமக்கும் அங்கிருந்துதான் தொடங்க வசதி. எரிச்சல் வருவதை நம்மால் சட்டென்று தடுக்க முடியாது, ஆனால் கையைக் கீபோர்டிலிருந்து எடுக்க முடியும். யாராவது பக்கத்தில் வந்து நின்றால் நான் இப்போது செய்யப் பழகியிருக்கும் வரிசை இது: எந்த இடத்தில் விட்டேனோ அதை இரண்டு வார்த்தையில் ஒரு தாளில் கிறுக்கிவிடுவேன் ("மூன்றாவது பத்தி, தேதி சரிபார்" என்கிற மாதிரி). இது அற்பமாகத் தெரியலாம், ஆனால் நம் எரிச்சலில் பாதி, பிடித்த நூல் கைநழுவிப் போய்விடுமே என்ற பயம்தான். நூலின் நுனி தாளில் பத்திரமாக இருந்தால் மனது தானாக இளகும். அப்புறம் போனைக் கவிழ்த்து வைப்பேன். அப்புறம் நாற்காலியை அவர் பக்கம் திருப்புவேன். கழுத்தை மட்டும் திருப்பினால் போதாது, நாற்காலியே திரும்ப வேண்டும். இவ்வளவுக்கும் பத்து நொடி ஆகாது. நாற்காலி திரும்புவதற்குள் பெரும்பாலும் எரிச்சலும் பாதி வடிந்திருக்கும்.

பிறகு கேளுங்கள். பர்திமேயுவிடம் இயேசு, "நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்றிருக்கிறாய்" என்று கேட்டார். பார்வையில்லாதவனிடம் இது என்ன கேள்வி என்று தோன்றும். ஆனால் அவன் பிச்சை எடுத்துக்கொண்டிருந்தவன், காசு கேட்டாலும் கேட்டிருக்கலாம், அவன் வாயாலேயே சொல்ல இடம் கொடுக்கிறார். நாமோ எதிரில் இருப்பவர் இரண்டு வாக்கியம் சொல்வதற்குள் மூன்றாவது வாக்கியத்தை நாமே முடித்துக்கொடுத்து, ஒரு வசனத்தையும் சேர்த்துக் கொடுத்து அனுப்பிவிடுவோம். அது உதவி மாதிரி தெரியும், உண்மையில் சீக்கிரம் முடித்துக்கொள்ளும் வழி. "நான் என்ன செய்தால் உங்களுக்கு உதவியாக இருக்கும்? யோசனை வேண்டுமா, இல்லை சும்மா கேட்டால் போதுமா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருங்கள். வந்தவர்களில் பலருக்குத் தேவைப்பட்டது அந்த இரண்டாவதுதான் என்பது என் அனுபவம்.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். குறுக்கிடுகிற எல்லாவற்றையும் "கர்த்தர் அனுப்பியது" என்று நெற்றியில் ஒட்டுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. போன் டிங் என்று சத்தம் போடுவதெல்லாம் தேவ அழைப்பு இல்லை. அதை ஆஃப் செய்துவிடலாம், குற்ற உணர்ச்சி வேண்டாம். முகத்தோடும் குரலோடும் வருகிற மனிதருக்குக் கொடுக்க வேண்டிய கவனத்தை இந்த டிங்குகளே தின்றுவிடுகின்றன.

காத்திருக்கும் யவீரு

இடைஞ்சலைப் பற்றிப் பேசும் எல்லாரும் பெரும்பாடுள்ள ஸ்திரீயின் கதையைச் சொல்வார்கள். நானும் சொல்லத்தான் போகிறேன், ஆனால் நான் இப்போதெல்லாம் பார்ப்பது யவீருவை.

மாற்கு ஐந்தாம் அதிகாரம். ஜெபஆலயத் தலைவனான யவீரு இயேசுவின் காலில் விழுகிறான், பன்னிரண்டு வயது மகள் சாகக் கிடக்கிறாள். இயேசு கிளம்புகிறார். வழியில் பன்னிரண்டு வருடமாக இரத்தப்போக்கால் கஷ்டப்பட்ட ஒரு பெண், கையிலிருந்ததையெல்லாம் வைத்தியர்களுக்குச் செலவழித்து இன்னும் மோசமானவள், கூட்டத்துக்குள் நுழைந்து பின்னாலிருந்து வஸ்திரத்தைத் தொடுகிறாள். உடனே சுகமாகிறது. விஷயம் அங்கேயே முடிந்துவிட்டது, இயேசு நடந்துகொண்டே இருந்திருக்கலாம். அவர் நின்று, "என் வஸ்திரங்களைத் தொட்டது யார்" என்று கேட்டுக்கொண்டு சுற்றுமுற்றும் பார்க்கிறார். இத்தனை பேர் நெருக்கும்போது இது என்ன கேள்வி என்று சீஷர்களுக்கே புரியவில்லை. அவள் நடுங்கிக்கொண்டே வந்து விழுந்து எல்லா உண்மையையும் சொல்லி முடிக்கும்வரை அவர் நிற்கிறார். பன்னிரண்டு வருடக் கதை எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? கடைசியில் அவளை "மகளே" என்று கூப்பிடுகிறார்.

இதெல்லாம் நடக்கும்போது யவீரு பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறான். அவனும் ஒரு மகளுக்காகத்தான் வந்திருக்கிறான். அவர் அவளோடு பேசி முடிப்பதற்குள் வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது, உன் மகள் இறந்துபோனாள், இனி ஏன் போதகரைத் தொந்தரவு செய்கிறாய் என்று.

ஒருவருக்காக நாம் நிற்கும்போது அதற்கான விலையைப் பெரும்பாலும் இன்னொருவர் கொடுக்கிறார். நீங்கள் வழியில் யாரோ ஒருவரின் கதையைக் கேட்டுக்கொண்டு நிற்கிறீர்கள், பள்ளிக்கூட வாசலில் உங்கள் பிள்ளை பையோடு நிற்கிறது. சபையில் எல்லாருக்கும் எப்போது கூப்பிட்டாலும் ஓடுகிறவர் என்று பெயரெடுத்த பலரின் வீட்டில் ஒரு யவீரு உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். யவீருவின் இறந்துபோன மகளை எழுப்ப இயேசுவுக்கு முடிந்தது. எனக்கு முடியாது, ஆகவே நான் யவீருவைக் குறித்து அவரைவிட அதிக ஜாக்கிரதையாக இருந்தாக வேண்டும்.

அந்தக் கதையிலேயே நமக்கு முடிகிற காரியங்களும் இருக்கின்றன. வந்த செய்தியை யவீருவோடு சேர்ந்து இயேசுவும் கேட்கிறார், கேட்டவுடனே அவன் பக்கம் திரும்பி, "பயப்படாதே, விசுவாசமுள்ளவனாயிரு" என்கிறார். அவனைக் கூட்டத்தில் தனியாக விடவில்லை. அப்புறம் சொன்னபடி வீட்டுக்குப் போகிறார். அதனால், யாருக்காகவாவது நிற்க நேர்ந்தால் காத்திருப்பவருக்கு உடனே சொல்லுங்கள், போனில் ஒரு வரி போதும்: "ஒருவர் அழுதுகொண்டிருக்கிறார், இருபது நிமிடம் ஆகும், கட்டாயம் வருகிறேன்." இருபது என்று சொன்னால் இருபதில் கிளம்புங்கள். போனபின் உங்கள் தியாகத்தைப் பற்றிப் பேசாதீர்கள், காத்திருந்ததற்கு நன்றி சொல்லுங்கள், நேரத்தைக் கொடுத்தது அவர்தான். தொடர்ந்து ஒரே ஆள்தான் காத்திருக்க நேர்கிறது என்றால், உங்கள் மனைவியோ கணவரோ மகனோ, அடுத்த முறை "ஒரு நிமிஷம் இருக்கா" என்று வருகிறவரைக் காத்திருக்கச் சொல்லுங்கள். வீட்டிலிருப்பவர்களுக்காக ஊழியத்தைக் கொஞ்சம் நிறுத்தி வைப்பதும் ஊழியம்தான் என்று நம் மேடைகளில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

இல்லை என்று சொல்வது எப்படி

நல்ல சமாரியன் எவ்வளவு செய்தான் என்று சொல்கிறோம், எங்கே நிறுத்திக்கொண்டான் என்று பார்ப்பதில்லை. காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான், கட்டினான், "தன் சுயவாகனத்தின்மேல்" ஏற்றினான், சத்திரத்துக்குக் கொண்டுபோய் அன்றிரவு பார்த்துக்கொண்டான். மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு பணம் (அந்தக் காலத்து வெள்ளிக் காசு) கொடுத்தான். மத்தேயு இருபதாம் அதிகாரத்தில் ஒரு நாள் கூலி ஒரு பணம், ஆகவே இது இரண்டு நாள் கூலி. அதிகம் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தன் பயணத்தைத் தொடர்ந்தான். அவனுக்கும் வேலை இருந்தது. மீதியை அதற்கென்று இருக்கிற ஆளிடம் ஒப்படைத்தான், ஒரு எல்லையும் வைத்தான், திரும்பி வருவேன் என்ற வாக்கும் கொடுத்தான்.

அதே இயேசு ஒருமுறை அதிகாலையில் தனியாக ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தபோது, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்று சீமோனும் மற்றவர்களும் வந்து நின்றார்கள். அடுத்த ஊர்களுக்குப் போவோம், அதற்காகத்தான் வந்தேன் என்றார். எருசலேமின் மதிலைக் கட்டிக்கொண்டிருந்த நெகேமியாவுக்கு இறங்கி வா, பேசலாம் என்று நாலு முறை ஆள் அனுப்பினார்கள், நாலு முறையும் அவர் ஒரே பதிலைச் சொன்னார்: பெரிய வேலையில் இருக்கிறேன், வர முடியாது. அவரைக் கூப்பிட்டவர்களின் நோக்கம் கெட்டது என்பது வேறு விஷயம்.

எனவே மறுப்பதில் பாவமில்லை, மழுப்புவதுதான் கெடுதல். "பார்க்கலாம்", "அப்புறம் பேசலாம்", "ஜெபிக்கிறேன்" என்று சொல்லி அனுப்பிவைப்பது எல்லாவற்றிலும் மோசம், அதிலும் கடைசி வார்த்தையைச் சொல்லிவிட்டு ஜெபிக்காமல் விட்டோமென்றால் இரண்டு பாவம். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "இப்போது என்னால் சரியாகக் கேட்க முடியாது, உங்களுக்குப் பாதி காதுதான் கொடுப்பேன். சாயங்காலம் ஐந்தரைக்கு நானே கூப்பிடுகிறேன்." நேரத்தைச் சொல்லுங்கள், கூப்பிடுகிற பொறுப்பையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், அவர் கண்ணெதிரிலேயே போனில் அலாரம் வையுங்கள். அவர் கதவைத் தட்டுவதற்கு எவ்வளவு தைரியம் சேர்க்க வேண்டியிருந்ததோ, அதை இரண்டாம் முறையும் அவரிடம் கேட்காதீர்கள். ஆனால் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் இதைச் சொல்ல வேண்டும், சில முகங்கள் ஐந்தரை வரை தாங்காது.

தினமும் வந்து அதே விஷயத்தை அதே மாதிரி சொல்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு வாரத்தில் ஒரு நேரம் நிரந்தரமாகக் கொடுத்துவிடுங்கள். ஒருவரிடம் நான் இப்படிச் செய்து பார்த்தேன், தனக்கென்று ஒரு நேரம் இருக்கிறது என்று தெரிந்தபின் அவர் மற்ற நாட்களில் வருவது தானாகக் குறைந்துவிட்டது.

இடைஞ்சல் ஒரு நிமிடத்தில் முடியாவிட்டால்

வியாதி, வேலை போவது, பெற்றோரைப் பார்த்துக்கொள்ள எல்லாவற்றையும் விட வேண்டி வருவது. இவை கதவைத் தட்டிவிட்டு வருவதில்லை, வந்தால் வருடக்கணக்கில் உட்கார்ந்துவிடும். இதற்கு எனக்குப் பிடித்த ஆள் பவுல். ரோமர் பதினைந்தாம் அதிகாரத்தில் அவருடைய திட்டம் தெளிவாக இருக்கிறது: எருசலேமுக்குப் போய் காணிக்கையைக் கொடுத்துவிட்டு, ரோமாபுரி வழியாக ஸ்பானியாவுக்கு (இன்றைய ஸ்பெயின்). நடந்தது என்ன? எருசலேமில் கைது, செசரியாவில் இரண்டு வருடம் காவல், கைதியாகக் கப்பல் பயணம், புயல், கப்பல் உடைந்து 276 பேரும் மெலித்தா (இன்றைய மால்டா) தீவில் கரை ஒதுங்கினார்கள். ஸ்பானியாவுக்கு அவர் போய்ச் சேர்ந்ததாக அப்போஸ்தலர் நடபடிகளில் ஒரு வரியும் இல்லை.

கரையில் மழை, குளிர். தீவு மக்கள் நெருப்பு மூட்டுகிறார்கள், "பாராட்டின அன்பு கொஞ்சமல்ல" என்று லூக்கா நெகிழ்ந்து எழுதுகிறார். அப்போது பவுல் என்ன செய்கிறார் என்றால் விறகு பொறுக்கிக்கொண்டிருக்கிறார். திட்டமெல்லாம் கடலோடு போன மனிதர், நனைந்த உடம்போடு சுள்ளி பொறுக்கி நெருப்பில் போடுகிறார். அடுத்து, அந்தத் தீவின் தலைவரான புபிலியுவின் தகப்பன் காய்ச்சலாகக் கிடக்கிறார் என்று கேட்டு உள்ளே போய் ஜெபிக்கிறார்.

பெரிய இடைஞ்சலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான், இது ஏன் நடந்தது என்று இன்றைக்கே கண்டுபிடிக்க வேண்டாம். ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்களா, பக்கத்தில் இருப்பவரும் குளிரில்தான் இருக்கிறார், கைக்கு எட்டுகிற ஒரு சுள்ளியை எடுங்கள். பிறர் உங்களுக்கு மூட்டுகிற நெருப்பிலும் கூச்சப்படாமல் குளிர்காயுங்கள், பவுலும் காய்ந்தார். மாட்டிக்கொண்டவர் வேறொருவர் என்றால், தேவ திட்டத்தை அவருக்கு விளக்கப் போகாதீர்கள். சாப்பாடு கொண்டுபோங்கள். யவீருவின் மகள் எழுந்து நடந்தவுடனே இயேசு சொன்னதும் அதுதான், அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்று.

தவறவிட்டுவிட்டால்

தவறவிடுவோம். நான் இன்னமும் தவறவிடுகிறேன், போன வாரம்கூட. அப்போது செய்ய வேண்டியது திரும்பிப் போவது, அதுவும் காரணம் சொல்லாமல். "அன்றைக்கு வேலை ரொம்ப அதிகம், அதனால்தான்" என்று ஆரம்பித்தால் அவர் "பரவாயில்லை, பரவாயில்லை" என்று நம்மைத் தேற்ற வேண்டியதாகிவிடும், ஏற்கெனவே பாரத்தில் இருப்பவர் தலையில் நம்முடையதையும் ஏற்றுவது அது.

அந்த அக்காவிடம் நான் மறுநாள் காலையில் போனேன். "நேற்று நீங்கள் வந்தபோது நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தப்புதான், மன்னித்துவிடுங்கள். இப்போது சொல்ல முடிந்தால் கேட்கிறேன், இல்லையென்றாலும் சரி" என்றேன். "இப்போ வேண்டாம்" என்றார். அதற்கும் சரி என்று வந்துவிட வேண்டியதுதான், நமக்கு வசதியான நேரத்தில் அவர் மனதைத் திறக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லையே. ஒரு பத்து நாள் கழித்து, நான் மறுபடியும் ஏதோ அவசரத்தில் இருந்தபோது, மேஜைப் பக்கம் நிழல் விழுந்தது. தாளில் இரண்டு வார்த்தை கிறுக்கிவிட்டு நாற்காலியைத் திருப்பினேன். அவர் இந்த முறை நின்றுகொண்டு பேசவில்லை, பக்கத்து மேஜையிலிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.